வழியனுப்பு (ரயில்வே): சேலம்–நாமக்கல் சமவெளி

ஓர் எஞ்சினோ, பாதையோ, ஊழியரோ கடைசியாகப் பணியில் ஓடும் நாளில், உடன் வேலை செய்தவர்களும் ரயில் ஆர்வலர்களும் கூடி விடைகொடுக்கும் வழக்கம். ரயில்வே குடியிருப்புகளில் இதை ‘லாஸ்ட் டிரிப்’, ‘கடைசி வண்டி’, ‘பேர்வெல்’ என்பார்கள். எஞ்சினுக்கு மாலை போடுவது, ஓட்டுநருக்குச் சால்வை அணிவிப்பது, வண்டி புறப்படும்போது நீளமாகச் சங்கு ஊதுவது ஆகியவை இதன் பொதுவான அடையாளங்கள். பொம்மை ரயில் சேகரிப்போர், ரயில் மாதிரி செய்வோர், எஞ்சின் படம் எடுப்போர் ஆகியோர் தங்களுக்குப் பிடித்த ஊழியர் ஓய்வுபெறும்போது நடத்தும் சிறு கூட்டங்களும் இவ்வழக்கத்தின் கிளையே. இக்கட்டுரை சேலம், ஆத்தூர், மேட்டூர், ராசிபுரம், நாமக்கல், மோகனூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சமவெளியையும், ஒப்புநோக்க வேண்டிய இடங்களில் பிற பகுதிகளையும் பேசுகிறது.

தொடக்கக் காலம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே ஓடியது. மதராஸ் ரயில்வே கம்பெனியின் அந்தப் பாதை மேற்கே நீண்டு 1861-ல் சேலத்தை எட்டியது. நிலையம் நகருக்குள் அமையாமல் சூரமங்கலத்தில் அமைந்தது. அந்நாளைய கம்பெனி அறிக்கைகளில் மைல் கணக்கும் வருமானக் கணக்கும் உண்டு. வண்டி ஓட்டியவர்களுக்கு யார் எப்படி விடைகொடுத்தார்கள் என்ற செய்திக்கு அவற்றில் இடமில்லை.

விடைபெறாமல் போன பாதைகள்

1876–78 பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. தானியம் விரைந்து போய்ச்சேர வழி வேண்டும் என்ற எண்ணத்தில், பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியில் இரண்டு குறுகிய பாதைகள் போடப்பட்டன. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை 1905-லும், மொரப்பூர்–தர்மபுரி பாதை 1906-லும் திறக்கப்பட்டன. பின்னது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம்.

பேருந்துகள் பெருகியபின் இப்பாதைகள் நலிந்தன. கிருஷ்ணகிரிப் பாதை 1930-களிலும், ஓசூர்ப் பாதை 1940-களின் தொடக்கத்திலும் மூடப்பட்டன. தண்டவாளங்கள் இரண்டாம் உலகப் போரின் தேவைக்காகப் பெயர்க்கப்பட்டன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வருமானக் குறைவே முதற்காரணம் என்றும், போர் அதற்கு ஒரு வாய்ப்பாக அமைந்தது என்றும் கருதுவோர் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. கடைசி வண்டிகளை ஓட்டியவர்களின் பெயர்கள் பொதுவாகக் கிடைக்கும் நூல்கள் எதிலும் இடம்பெறவில்லை. இந்தச் சமவெளியின் ரயில் வரலாற்றில் இதைவிட வருத்தமான இடைவெளி வேறில்லை.

நீராவிக்கு விடை

எஞ்சினுக்கு விடைகொடுப்பது பொதுமக்கள் கூடும் நிகழ்ச்சியாக மாறியது நீராவி மறைந்தபோதுதான். பிரிட்டனில் 1968 ஆகஸ்ட் 11 அன்று லிவர்பூலிலிருந்து கார்லைல் வரை சென்று திரும்பிய சிறப்பு வண்டி இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. அதன் பயணச்சீட்டு 15 கினி. வழிநெடுகப் பாலங்களிலும் வயல்களிலும் ஆட்கள் நின்றார்கள்.

இந்தியாவில் இந்த விடைபெறல் முப்பது ஆண்டு நீடித்தது. சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சினை 1970-ல் வெளியிட்டபோது அதற்கு ‘அந்திம் சிதாரா’, அதாவது கடைசி நட்சத்திரம், என்று பெயரிட்டது. ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதைக்கான கடைசி எஞ்சின் 1972-ல் வந்தது. அகலப்பாதையில் வழக்கமான நீராவிப் பயணிகள் வண்டி 1995 டிசம்பரில் பஞ்சாபின் ஜலந்தர்–ஃபிரோஸ்பூர் தடத்தில் முடிவுற்றது. மீட்டர் கேஜில் 2000-ஆம் ஆண்டுவரை குஜராத்தில் ஓடியது.

சேலம் வட்டாரத்தில் நீராவி அதற்கு முன்பே ஒதுங்கிவிட்டது. ஈரோட்டில் 1962-ல் டீசல் எஞ்சின் பணிமனை தொடங்கியது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவன வடிவமைப்பில் வந்த 2,600 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எம்-2 எஞ்சின்கள் அங்கே பராமரிக்கப்பட்டன. அந்த எஞ்சின் நின்றபடி உறுமும் சத்தமும், வேகம் எடுக்கும்போது கக்கும் கரும்புகையும் ஒரு தலைமுறைச் சேலம் சிறுவர்களை ரயில் பைத்தியங்களாக்கின. லோகூர்–டேனிஷ்பேட்டை இடையே சேர்வராயன் மலை பின்னணியில் நிற்க, வளைவில் வண்டி ஏறிவரும் இடம் இன்றும் படம் எடுப்போருக்கு உகந்தது. 1990-களில் ஜோலார்பேட்டை–சேலம்–ஈரோடு தடத்தில் மின்சார எஞ்சின்கள் பெருகியபோது ஆல்கோவின் குரல் குறைந்தது. அதற்கென்று ஒரு நாள் குறித்து யாரும் விழா எடுக்கவில்லை.

மீட்டர் கேஜின் முடிவு

1992-ல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தின் கீழ் நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகள் அகலப்பாதையாக மாற்றப்பட்டன. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜே பெரும்பான்மையாக இருந்ததால் ஊர்தோறும் ஒரு ‘கடைசி வண்டி’ நாள் வந்தது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்வண்டி 1931-ல் தொடங்கி 2004-ல் நின்றது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் 2010 செப்டம்பரில் கடைசி வண்டி ஓடியபோது, குகைகளையும் பதிமூன்று கண் பாலத்தையும் அந்த அகலத்தில் ஒருமுறை கடந்துவிட வேண்டும் என்று வெளியூர்களிலிருந்தும் ஆர்வலர்கள் வந்தார்கள். மதுரை–போடிநாயக்கனூர் வண்டி அதே ஆண்டின் கடைசி நாளில் விடைபெற்றது.

தமிழ்நாட்டின் கடைசி மீட்டர் கேஜ் பாதை எது என்பதில் ஆர்வலர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. போடியைச் சொல்வோர் உண்டு. 2012 வரை வண்டி ஓடிய திருவாரூர்–காரைக்குடிப் பகுதியைச் சொல்வோர் உண்டு. நீலகிரி மலை ரயிலும் 1,000 மில்லிமீட்டர் அகலமே என்பதால் மீட்டர் கேஜ் முடியவே இல்லை என்ற வாதமும் வலுவானதே.

சேலத்துக்கு உரிய மீட்டர் கேஜ் விருத்தாசலம் பாதை. தென்னிந்திய ரயில்வே 1931-ல் திறந்த இந்த ஏறத்தாழ 140 கி.மீ. தடம் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் வழியாகச் செல்கிறது. ஒற்றைப் பாதை. இத்தகைய பாதைகளில் வண்டி அடுத்த நிலையத்துக்குச் செல்ல அனுமதி என்பது அந்நாளில் ஓர் இரும்புக் குண்டு. அதைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, நடைமேடையில் நிற்கும் ஊழியர் உயர்த்திப் பிடிப்பார். வண்டி நிற்காமல் போகும்போது எஞ்சினிலிருந்து கை நீட்டி அதை வாங்கிக்கொள்வார்கள். பழைய வளையத்தை அதே நொடியில் கீழே எறிய வேண்டும். இரவில் தீவட்டி வெளிச்சத்தில் நடந்த இந்தக் கைமாற்றத்தில் ஓர் அழகு இருந்தது. தோள் கழன்றுபோகும் ஆபத்தும் இருந்தது.

விருத்தாசலம் பாதை 2000-களில் அகலமாக்கப்பட்டது. பேருந்து வசதி நிறைந்த தடம் என்பதால், மூடியிருந்த காலத்தில் அதன் இழப்பை உணர்ந்தவர்கள் பெரும்பாலும் மூட்டை முடிச்சுகளுடன் குறைந்த கட்டணத்தில் போய்வந்த எளியவர்களே. செங்கோட்டைக்குக் கிடைத்த வழியனுப்பு இதற்குக் கிடைக்கவில்லை. மலையும் குகையும் இல்லாத சமவெளிப் பாதை என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஊழியருக்கு விடை

வண்டிக்கும் பாதைக்கும் நடப்பதைவிட ஊழியருக்கு நடக்கும் வழியனுப்பே எண்ணிக்கையில் அதிகம், மாதந்தோறும் நடப்பது. இதன் நாள்காட்டியை அரசு விதிகளே வகுத்தன. மத்திய அரசு ஊழியர் ஓய்வு வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாளில் பணி ஓய்வு பெறுவார். பிறந்த தேதி ஒன்றாம் தேதியாக இருந்தால் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே விடைபெற வேண்டும். பள்ளியில் சேர்க்கும் ஜூன் மாதத்துக்கு வயது நிறைய வேண்டும் என்பதால், அந்நாளைய ஆசிரியர்கள் பிறந்த தேதியைத் தோராயமாக மே, ஜூனில் எழுதிவைத்தார்கள். அதனால் மே 31 அன்று ரயில்வே அலுவலகங்களில் மாலைகள் குவியும். சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாள் கூட்டத்தோடு இந்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

1998 மே மாதத்தில் ஓய்வு வயது 58-லிருந்து 60 ஆக உயர்த்தப்பட்டது. அதன் விளைவாக அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வயதின்படி ஓய்வுபெறுவோர் அநேகமாக இல்லாமல் போனார்கள். குடும்ப ஆல்பங்களில் தேதி எழுதாத வழியனுப்புப் படம் கிடைத்தால், அது அந்த இரண்டு ஆண்டுகளைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு என்று ஒதுக்கலாம். தேதி கண்டறிய இதுபோன்ற மறைமுக வழிகளே பல நேரம் கைகொடுக்கின்றன.

எஞ்சின் ஓட்டுநரின் கடைசிப் பயணத்துக்கு ஒரு வரிசை உண்டு. கடைசி மாதத்தில் அவருக்கு விருப்பமான வண்டியைக் கொடுக்க முயல்வது பணி ஒதுக்கும் அலுவலர்களின் மரியாதை. சரக்கு வண்டியிலேயே காலம் கழித்தவருக்குக்கூடக் கடைசியாக ஒரு விரைவு வண்டி வாய்ப்பதுண்டு. ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல எஞ்சின் முகப்பில் சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்றும் மாவிலையும் கட்டுவார்கள். தேங்காய் உடைப்பார்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அதே வண்டியில் பயணிகள் பெட்டியில் ஏறிக்கொள்வது வழக்கம். முப்பது முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் ஓட்டிய வண்டியில் குடும்பம் ஒன்றாக அமர்ந்து வருவது பலருக்கு அதுவே முதல்முறை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வண்டி ஓட்டப் போனவர்களின் வீடுகளில் இதன் அருமை தெரியும்.

வண்டி சேர்ந்ததும் நடைமேடையில் சக ஓட்டுநர்கள், உதவியாளர்கள், கார்டுகள் மாலையோடு நிற்பார்கள். எஞ்சினிலிருந்து இறங்கும் முன் பலரும் கண்ணாடியையோ கைப்பிடியையோ தொட்டுக் கும்பிடுவார்கள். பணி முடிவுப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து. கோட்ட அலுவலகத்தில் மாதக் கடைசி நாளில் ஓய்வூதிய ஆணையும் பணப்பலன்களும் வழங்கும் நிகழ்ச்சி நடக்கும். தங்கமுலாம் பூசிய வெள்ளிப் பதக்கம் ஒன்றும் ரயில்வே சார்பில் பல ஆண்டுகளாக வழங்கப்பட்டுவந்தது. மாலையில் வீட்டு வாசலில் பந்தல், சாப்பாடு. நண்பர்கள் சேர்ந்து மோதிரமோ சுவர்க் கடிகாரமோ சட்டமிட்ட வாழ்த்து மடலோ தருவார்கள்.

இவற்றோடு குறிப்பிட வேண்டியது லைன் பாக்ஸ். ஓட்டுநரும் கார்டும் கொடி, விளக்கு, வெடிசிக்னல், விதிப்புத்தகம், மாற்றுடை ஆகியவற்றை வைத்துச் செல்லும் இரும்புப் பெட்டி அது. மூடியின்மேல் பெயரும் பதவியும் தலைமையிடச் சுருக்கமும் வெள்ளை எழுத்தில் இருக்கும், சேலத்துக்கு எஸ்.ஏ., ஈரோட்டுக்கு ஈ.டி., ஜோலார்பேட்டைக்கு ஜே.டி.ஜே. வண்டி மாறும்போது அதை ஏற்றி இறக்கவே தனி ஆட்கள் இருந்தார்கள். நடைமேடை ஓரம் வரிசையாக அடுக்கிய அந்தப் பெட்டிகளைப் படித்தாலே அன்று எந்தெந்த வண்டிக்கு யார் யார் என்று தெரிந்துவிடும். ஊழியரின் பெயர் பொதுமக்கள் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அதுதான் என்றும் சொல்லலாம். சக்கரம் வைத்த பைகள் வரத் தொடங்கியபின் இப்பெட்டிகள் குறைந்துவருகின்றன. எஞ்சின்களைப் பாதுகாக்கும் அருங்காட்சியகங்கள் பெயர் எழுதிய லைன் பாக்ஸ் ஒன்றையாவது காப்பது அவசியம்.

ஓட்டுநருக்கும் கார்டுக்கும் கிடைக்கும் இந்த மரியாதை டிராக்மேனுக்கும் பாயிண்ட்ஸ்மேனுக்கும் அதே அளவில் கிடைப்பதில்லை. கோடை வெயிலில் தண்டவாளத்தின் நீளம் முழுவதும் நடந்து பார்த்தவர்களின் கடைசி நாள் பெரும்பாலும் அவர்களுடைய குழுவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

ஆர்வலர்களும் மாதிரி ரயில்களும்

ரயில் ஆர்வலர்கள் இந்த வழியனுப்புகளில் கலந்துகொள்ளத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 1989-ல் வெளிநாட்டில் படித்த இந்திய மாணவர்கள் தொடங்கிய ஐ.ஆர்.எஃப்.சி.ஏ. என்ற ரசிகர் அமைப்பு, சிதறிக் கிடந்த ஆர்வலர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் அவரவர் ஊர் நிலையமே அவரவர் உலகம்.

மேலை நாடுகளில் இந்தப் பொழுதுபோக்கின் மையம் மாதிரி ரயில் நிறுவனங்கள். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் சாவி கொடுத்து ஓடும் ரயில்களை வெளியிட்டார். அவர் பெயரிலான ரயில்களின் தயாரிப்பு பின்னாளில் மார்கேட் நகருக்கு இடம்பெயர்ந்தது. அந்த நிறுவனத்தில் 1979-ல் சேர்ந்த சைமன் கோலர், அடுத்து எந்த எஞ்சினின் மாதிரி வரும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் முகமாகப் பல பத்தாண்டுகள் அறியப்பட்டார். இடையே விலகி, மீண்டும் அழைக்கப்பட்டார். ஒரு நிறுவன ஊழியரை வாடிக்கையாளர்கள் தங்களில் ஒருவராக எண்ணியதற்கு அவர் நல்ல எடுத்துக்காட்டு. பெட்டிக்குள் இருக்கும் பொம்மையை வாங்குபவருக்கு, அதன் நிறம் தவறு என்று எழுதினால் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்பது பெரிய ஆறுதல்.

இந்தியாவில் அத்தகைய பெரிய நிறுவனம் உருவாகவில்லை. புனேயில் ஜோஷி குடும்பத்தார் 1998-ல் திறந்த சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் ஒரு தனி முயற்சி. சேலம், நாமக்கல் பக்கம் மாதிரி செய்வோர் அட்டை, சன்போர்டு, பி.வி.சி. குழாய் ஆகியவற்றில் கையால் செய்கிறார்கள். வெளிநாட்டுத் தண்டவாளம் வாங்குவோர் ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். 87-ல் ஒரு பங்கு அளவில் உலகெங்கும் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். அதே அளவில் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே பெட்டி சரியான அளவில் இருந்தால் தண்டவாளம் ஒடுங்கித் தெரியும். அதே 16.5 மில்லிமீட்டரில் 60-ல் ஒரு பங்கு அளவுக்கு எஞ்சின் செய்தால் பழைய மீட்டர் கேஜ் கிட்டத்தட்டக் கச்சிதமாக அமைந்துவிடும். விருத்தாசலம் பாதையை மேசைமேல் மீண்டும் ஓட்ட நினைப்பவர்களுக்கு இது நற்செய்தி.

நிறுவனம் இல்லாத இடத்தில், சைமன் கோலர் போன்ற அன்பான ஊழியரின் இடத்தைச் சேலம் வட்டாரத்தில் நிரப்பியவர்கள் ரயில்வேக்காரர்களே. பெட்டியின் நிறம், எஞ்சின் கூண்டின் அளவு, சங்கு இருக்கும் பக்கம் என்று பள்ளி மாணவன் கேட்கும் கேள்விகளுக்கு நின்று பதில் சொன்ன ஓட்டுநரும், பணிமனை ஃபிட்டரும், நிலைய அதிகாரியும் இல்லாவிட்டால் இங்கே ஒரு மாதிரி எஞ்சின்கூட உருவாகியிருக்காது. அவர்கள் ஓய்வுபெறும் நாளில், அவர்கள் ஓட்டிய எஞ்சின் எண்ணையே எழுதிய மாதிரி ஒன்றை ஆர்வலர்கள் பரிசளிப்பது நன்றிக்கடன். நடைமேடையில் படம் எடுக்க எந்த அளவுக்கு அனுமதி உண்டு என்பதில் நிலையத்துக்கு நிலையம் வேறுபாடு இருப்பதால், இக்கூட்டங்கள் பலவும் வெளியே தேநீர்க் கடையிலோ வீட்டிலோ நடக்கின்றன. அதனால் இவற்றின் படங்களும் தனிக் கைகளிலேயே தங்கிவிட்டன.

அண்மைக் காலம்

பாலக்காடு, திருச்சி கோட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சேலம் கோட்டம் 2007 நவம்பர் 1 அன்று செயல்படத் தொடங்கியது. பாலக்காடு கோட்டம் பிரிக்கப்படுவதற்குக் கேரளத்தில் எதிர்ப்பு இருந்தது. 1908-ல் உதகையை எட்டிய, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயில் இன்று இக்கோட்டத்தின் பொறுப்பில் உள்ளது. பொன்மலைப் பணிமனை அதற்குப் புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டித் தந்திருக்கிறது.

லாரித் தொழிலால் நாடறிந்த நாமக்கல்லுக்குப் பயணிகள் ரயில் 2013 மே 25 அன்றுதான் வந்தது. சேலத்துக்கு வந்து 152 ஆண்டுகள் கழித்து. சேலம்–கரூர் இடையே 85 கி.மீ. கொண்ட இத்தடம் ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் காவிரியைக் கடக்கிறது. பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 1955 முதல் கட்டிவந்த பழைய வகைப் பெட்டியின் கடைசி, 2018 ஜனவரியில் வெளிவந்தது. 2022-ல் கார்டு என்ற பதவி ‘டிரெய்ன் மேனேஜர்’ ஆனது. மொரப்பூர்–தர்மபுரி இடையே 36 கி.மீ. புதிய அகலப்பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

எஞ்சின்களின் எண்கள், கட்டிய ஆண்டு, பணிமனை ஆகியவை நன்கு பதிவாகியுள்ளன. ஓட்டியவர்களின் பெயர்கள் அப்படிப் பதிவாகவில்லை. சேலம், ஜோலார்பேட்டை, ஈரோடு ரயில்வே குடும்பங்களில் வழியனுப்புப் படம் வைத்திருப்போர் அதன் பின்புறம் தேதி, வண்டி எண், உடன் நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். கண்டறிந்து சொல்லக்கூடிய மூத்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.